நிரலும் பரிணமிக்குமா? நெல்லைச் சீமை மாணவர்களுக்கான கேள்வி–பதில்

பைத்தான் ஓரளவு எழுதத் தெரிந்தால் போதும். உயிரியல் பத்தாம் வகுப்பு அளவுக்கு நினைவிருந்தால் இன்னும் நல்லது.

நேரடியாகச் சொல்லுங்கள்: கணினி நிரல் உயிர்களைப் போலப் பரிணமிக்குமா?

பரிணமிக்கும். இதை உவமையாகச் சொல்லவில்லை. பரிணாமத்துக்குத் தேவை மூன்றுதான். தன்னைப் போல இன்னொன்று உண்டாக வேண்டும். உண்டாகும்போது சிறு பிழைகள் நேர்ந்து, அவை வாரிசுக்கும் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் இடம் போதாமல் சில மட்டுமே பிழைக்க வேண்டும். இந்த மூன்றும் ஓரிடத்தில் கூடினால் அது டிஎன்ஏவா, நினைவகத்தில் உள்ள பிட்டா என்று பரிணாமம் கேட்பதில்லை.

சிக்கல் "உயிர்களைப் போல" என்ற சொல்லில் இருக்கிறது. பொதிகைக் காட்டில் சிங்கவால் குரங்குக்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை. பிழைத்து குட்டி போட்டால் அதுதான் தேர்ச்சி. கணினியிலோ பெரும்பாலும் மதிப்பெண் போட ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அதனால் கணினியில் நடப்பதைப் பொதிகையோடு ஒப்பிடுவதைவிட அம்பாசமுத்திரத்தோடு ஒப்பிடுவது சரியாக இருக்கும்.

அம்பாசமுத்திரம் எப்படி உள்ளே வந்தது?

நம் வீட்டு இட்லிக்குப் போடும் ஏ.எஸ்.டி. 16 நெல்லில் உள்ள அந்த மூன்றெழுத்து அம்பாசமுத்திரத்தைக் குறிக்கிறது. அங்குள்ள நெல் ஆராய்ச்சி நிலையம் ஏ.டி.டி. 31, கோ 39 என்ற இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கி 1986இல் வெளியிட்டது. கலந்த முதல் தலைமுறைப் பயிர் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். இரண்டாம் தலைமுறையில்தான் குணங்கள் பிரிந்து சிதறும். அதில் குறுகிய வயது, பருமனான மணி, நல்ல விளைச்சல் என்று வேண்டியதைப் பொறுக்கி, மறுபடி விதைத்து, மறுபடி பொறுக்கி, குணம் நிலைக்கும்வரை தலைமுறை தலைமுறையாக இது நடக்கும்.

கணினி அறிஞர் ஜான் ஹாலண்ட் 1975இல் முறைப்படுத்திய மரபியல் படிமுறையும் (ஜெனடிக் அல்காரிதம்) அச்சு அசல் இதுவே: கூட்டம், கலப்பு, திடீர் மாற்றம், தேர்வு. வேறுபாடு வேகத்தில்தான். கார், பிசானம் என்று நமக்கு வருடத்துக்கு இரண்டு போகம், அதாவது இரண்டு தலைமுறை. சாதாரண மடிக்கணினி சில நொடிகளில் நூறு தலைமுறை தாண்டிவிடும்.

கோயில் சுற்றும் வழியைக் கணினி 'பரிணமிக்க வைத்தது' என்கிறார்கள். அதுவும் நிரல் பரிணாமமா?

இல்லை. அங்கே பரிணமிப்பது தரவு. நிரல் அப்படியே நிற்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளும் கட்டுரைகள் ஏராளம்.

நவகைலாயம் என்னும் ஒன்பது சிவன் கோயிலையும் சுற்ற வழி கேட்டால் கணினியே தேவையில்லை. பாபநாசத்தில் தொடங்கிச் சேர்ந்தபூமங்கலம் வரை எல்லாம் ஆற்றோரம். தாமிரபரணியே வழி சொல்லிவிடும். நவதிருப்பதி என்னும் ஒன்பது பெருமாள் கோயிலையும் சேர்த்துப் பதினெட்டு ஆக்கி, கிளம்பிய இடத்துக்கே திரும்ப வேண்டும் என்றால் சுமார் 178 லட்சம் கோடி வரிசைகள் வரும். நொடிக்குப் பத்து லட்சம் வீதம் பார்த்தாலும் ஐந்தரை ஆண்டுக்கு மேல் ஆகும். இங்கே மரபியல் படிமுறை உதவும். ஆனால் ஹெல்ட்–கார்ப் என்ற முறை இதே பதினெட்டுக்கு மிகச் சரியான விடையைச் சிறிது நேரத்தில் தந்துவிடும் என்பதைப் பல வகுப்புகளில் சொல்வதே இல்லை. பரிணாமம் கடைசியாக எடுக்க வேண்டிய கருவி. வேறு வழி தெரிந்த கணக்குக்கு அதை இழுக்காதீர்கள்.

நிரலே பரிணமிப்பதில் இரண்டு வகை உண்டு. நிரலை நாம் ஓட்டி, மதிப்பெண் போட்டு, நாமே நகலெடுப்பது ஒன்று. நிரல் தன்னைத் தானே நகலெடுத்து நினைவகத்துக்குப் போட்டியிடுவது மற்றொன்று. இரண்டாவதுதான் உயிருக்கு நெருக்கமானது.

முதலில் செய்து பார்க்க எளிதான பயிற்சி உண்டா?

"திருநெல்வேலி" என்ற சொல்லை எழுத்துக் குப்பையிலிருந்து வரவழையுங்கள். ஐம்பது வரி பைத்தான் போதும்.

1. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்தையும் ஒரு பட்டியலாக வையுங்கள்.
2. அதிலிருந்து குருட்டாம்போக்கில் ஆறு எழுத்து எடுங்கள். அதுதான் முதல் பெற்றோர்.
3. அதற்கு 100 நகல். ஒவ்வொரு நகலிலும் ஒவ்வொரு எழுத்தும் ஆறில் ஒரு பங்கு வாய்ப்பில் வேறொன்றாக மாறட்டும்.
4. சரியான இடத்தில் சரியான எழுத்து இருந்தால் ஒரு மதிப்பெண்.
5. பெற்றோரையும் சேர்த்து 101இல் சிறந்ததை அடுத்த பெற்றோர் ஆக்கி, 3ஆம் படிக்குத் திரும்புங்கள்.

முதல் படியில்தான் பலர் சறுக்குவார்கள். யூனிகோடில் "திருநெல்வேலி" ஆறு எழுத்து அல்ல. பைத்தானிடம் நீளம் கேட்டால் 12 என்று சொல்லும். த தனி, இகரக் குறி தனி. அந்த 12 குறியீடுகளைத் தனித்தனியாக மாற்றினால் மெய் இல்லாத கொம்பும், ஒரே எழுத்தில் இரண்டு கால்களும், திரையில் புள்ளி வட்டங்களும் வரும். பிள்ளைகளில் பாதி பிறக்கும்போதே ஊனம். எழுத்தை முழுசாக ஓர் அலகாக வைத்தால் இது தீரும். எதை அலகாக வைத்து மாற்றுகிறோம் என்பது பரிணாமத்தின் பாதி விதியைத் தீர்மானிக்கிறது. பின்னால் வரும் பல பதில்களின் வேர் இங்கேதான்.

எண்ணிக்கையைப் பாருங்கள். ஆறு எழுத்தில் அமையும் சொற்கள் சுமார் 227 லட்சம் கோடி. மேலே சொன்ன முறையில் சராசரியாக எழுபது சொச்சம் தலைமுறை, அதாவது ஏழாயிரம் சொச்சம் முயற்சி போதும். கடைசி ஓர் எழுத்துக்கு மட்டும் ஏறக்குறைய பாதி நேரம் போகும். நின்றுவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள்.

மாற்ற வாய்ப்பை ஆறில் ஒன்றிலிருந்து இரண்டில் ஒன்றாக ஏற்றினால் வேகம் கூடாது, படுத்துவிடும். கடைசி எழுத்துக்கு மட்டுமே சராசரி 150 தலைமுறைக்கு மேல் ஆகும், ஏனென்றால் புதியது வரும் வேகத்தில் ஏற்கெனவே சரியானவை அழிகின்றன. பெற்றோரைக் கூட்டத்தில் வைக்காமல் விட்டால் பெற்றதும் கையைவிட்டுப் போகும். மான்ஃபிரெட் ஐகென் 1971இல் வேதி மூலக்கூறுகளுக்குச் சொன்ன பிழை வரம்பு இதுவே.

விடையை முன்கூட்டியே வைத்துக்கொண்டு தேடுவது ஏமாற்று இல்லையா?

ஆமாம். இந்தப் பயிற்சி காட்டுவது ஒன்றே ஒன்று: சிறு வெற்றிகளைச் சேர்த்துவைத்தால் தேடல் எவ்வளவு சுருங்கும் என்பது. இயற்கையில் "திருநெல்வேலி" என்று இலக்கு எழுதிய பலகை எங்கும் இல்லை.

என் பைத்தான் நிரலில் ஓர் எழுத்தை மாற்றினாலே பிழை காட்டி நிற்கிறதே. பிறகு எப்படிப் பரிணமிக்கும்?

எழுத்தளவில் மாற்றினால் பரிணமிக்காது. மனிதர் படிக்க எழுதிய மொழி கண்ணாடி மாதிரி. ஒரு காற்புள்ளி போனாலும் உடைந்துவிடும். மரபணு மொழி அப்படி இல்லை. மூன்றெழுத்துக் குறியன்கள் 64இல் 61 ஏதாவதோர் அமினோ அமிலத்தைக் குறிக்கும், மீதி மூன்று "நிறுத்து" என்னும். பொருளற்ற குறியன் ஒன்றுகூட இல்லை. மூன்றாம் எழுத்து மாறினால் பல சமயம் அதே அமினோ அமிலமே வரும்.

ஆனால் எழுத்தை விட்டு, முழுக் கட்டளையை அலகாக எடுத்துக்கொண்டால் படம் மாறும். ஒரு கட்டளையை நீக்குவது, இருப்பதை நகலெடுத்து வேறிடத்தில் செருகுவது, இரண்டை இடம் மாற்றுவது என்று செய்து பார்த்த 2014 ஆய்வு ஒன்றில், மாற்றிய நிரல்களில் சராசரியாக 36.8 விழுக்காடு எல்லாச் சோதனைகளிலும் பழையபடியே தேறின. மூன்றில் ஒன்றுக்கு மேல் மாற்றம் தெரியவே இல்லை. சோதனைகள் மெத்தனமாக இருந்ததும் ஒரு காரணம் என்று எண்ண இடமுண்டு. அப்படியிருந்தும் நாம் நினைப்பதைவிட நிரல் முரட்டுத்தனமானதுதான்.

தன்னைத் தானே நகலெடுக்கும் நிரல்கள் உண்மையில் இருந்தனவா?

இருந்தன. இந்தத் துறையில் தவறவிடக் கூடாத சோதனை, தாமஸ் ரே 1990இல் ஓட்டிய டியெர்ரா. அவர் கணினி ஆள் அல்ல. மழைக்காடுகளை ஆய்ந்த சூழலியலாளர், டெலவர் பல்கலைக்கழகத்தில் இருந்தவர்.

உடையாத மொழி ஒன்றை அவர் முதலில் செய்தார். மொத்தம் 32 கட்டளைகள், ஒவ்வொன்றும் ஐந்து பிட். ஐந்து பிட்டில் எதை எப்படிப் புரட்டினாலும் ஏதாவதொரு கட்டளை கிடைக்கும். "நினைவக முகவரி இத்தனைக்குப் போ" என்ற பேச்சே கிடையாது. ஒரு சிறு வடிவத்தைக் காட்டி, அதன் எதிர்வடிவம் பக்கத்தில் எங்கே இருக்கிறதோ அங்கே போ என்பதுதான் முறை. நினைவகம் நிரம்பியதும் "அறுப்பவன்" என்ற பகுதி வயதானவற்றைக் கொல்லும்; தவறு செய்பவை அந்த வரிசையில் முன்னுக்குத் தள்ளப்படும். மதிப்பெண் போட ஆள் கிடையாது.

விதைத்தது 80 கட்டளை நீளமுள்ள ஒரே நிரல். தன் தலையையும் வாலையும் கண்டுபிடித்து, நீளத்தை அளந்து, இடம் கேட்டு, நகலெடுப்பதே அதன் வேலை. கொஞ்ச நேரத்தில் 45 கட்டளை நீளத்தில் ஒன்று பெருகியது. அதில் நகலெடுக்கும் பகுதியே இல்லை. நடுவில் ஒரு கட்டளை மாறியதால் அதுவே வால் என்று எண்ணி, பாதி உடம்போடு பிறந்த நிரல் அது. நகலெடுக்க வேண்டிய கட்டத்தில் அது காட்டும் வடிவத்துக்கு எதிர்வடிவம் பக்கத்து வீட்டுக்காரனிடம் இருந்தது. அவனுடைய பகுதியை ஓட்டித் தன்னை நகலெடுத்துக்கொண்டது. அசல் ஒட்டுண்ணி. வேப்பமரத்துப் புல்லுருவி செய்வதும் வேறென்ன? பிறகு ஒட்டுண்ணிக்கு இடம் கொடுக்காத நிரல்கள் வந்தன. ஒட்டுண்ணியையே பிடித்துத் தன்னை நகலெடுக்க வைக்கும் மேல்ஒட்டுண்ணிகளும் வந்தன. இதில் ஒன்றையும் ரே எழுதவில்லை.

இது நம் கணினிக்குள் புகுந்துவிடுமா என்ற பயம் வேண்டாம். அந்த 32 கட்டளையும் கற்பனைக் கணினி ஒன்றில் மட்டுமே பொருள் தரும். வெளியே வந்தால் வெறும் தரவு.

விதைக்காமலே முளைக்குமா?

முளைத்திருக்கிறது. கூகுள் ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட சோதனையில் 64 பைட் நீளக் குப்பைச் சரங்களை இரண்டிரண்டாக ஒட்டி, நிரலாக ஓட்டி, பிரித்துவிட்டார்கள். மதிப்பெண் எதுவும் இல்லை. பல ஓட்டங்களில் தன்னை நகலெடுக்கும் நிரல்கள் தாமாகத் தோன்றிக் கூட்டத்தை நிரப்பின.

சிக்கலான உறுப்பு படிப்படியாக வருவதை நிரலில் பார்த்திருக்கிறார்களா?

அவிடா என்ற மென்பொருளில் பார்த்தார்கள். ரிச்சர்ட் லென்ஸ்கி, சார்லஸ் ஓஃப்ரியா, ராபர்ட் பென்னாக், கிறிஸ்டோஃப் அடாமி ஆகியோரின் கட்டுரை 2003இல் நேச்சர் இதழில் வந்தது. 3600 நிரல்கள் வாழும் உலகம் ஒன்று. அப்படி 50 உலகங்கள். நிரலுக்குத் தெரிந்த ஒரே தர்க்கச் செயல் நேண்ட் (இரண்டு பிட்டும் 1 ஆனால் மட்டும் 0 தருவது). அதை வைத்து எளிய தர்க்கச் செயல்களைச் செய்தால் கொஞ்சம் கூடுதல் ஓட்ட நேரம், கடினமானவற்றுக்கு இரட்டிப்பு இரட்டிப்பாக. உச்சத்தில் இரு எண்களைப் பிட் பிட்டாக ஒப்பிட்டுச் சமமா என்று சொல்லும் செயல்.

50இல் 23 உலகங்களில் அந்த உச்சச் செயல் வந்தது. எளிய செயல்களுக்கான பரிசை எடுத்துவிட்டு உச்சத்துக்கு மட்டும் பரிசு வைத்தபோது 50இல் ஒன்றில்கூட வரவில்லை. படிக்கட்டு இல்லாமல் மாடி ஏற முடியாது. வழியில் வந்த சில மாற்றங்கள் அந்த நேரத்தில் நிரலுக்குக் கெடுதலாகவே இருந்தன, பிறகுதான் பயன்பட்டன. முன்னேற்றம் மட்டுமே அனுமதி என்று கறாராக வடிகட்டும் மாணவர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும்.

நானே ஒரு சூத்திரத்தைப் பரிணமிக்க வைக்க வேண்டும். எந்த அளவுகளில் தொடங்குவது?

ஜான் கோசா 1992இல் பரப்பிய மரபியல் நிரலாக்க முறையை எடுங்கள். நிரலைக் கிளை பிரியும் மரமாக வைத்து, ஒரு மரத்தின் கிளையை வெட்டி இன்னொன்றில் ஒட்டுவது. நம் ஊர் மா ஒட்டுக்கும் இதற்கும் உறவில்லை. ஒட்டிய கிளை இங்கே வாரிசுக்கும் போகும். பைத்தானில் டி.இ.ஏ.பி. என்ற நூலகம் இதற்கு உண்டு.

கூட்டம் 500, தொடக்க மரத்தின் ஆழம் 2 முதல் 6, எந்தக் காலத்திலும் 17ஐத் தாண்டக் கூடாது. ஏழு ஏழாக எடுத்துச் சிறந்ததைத் தேர்ந்தெடுக்கும் போட்டி, பத்தில் ஒன்பது பிள்ளைகள் கலப்பில், 50 தலைமுறை. இது தொடங்குவதற்கு ஏற்ற அளவு.

பயிற்சிக்கு நாளிதழில் தினம் வரும் பாபநாசம் அணை விவரம் போதும்: நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம். "நாளைய நீர்மட்டம் என்ன?" என்று கேட்டால் முதல் சில தலைமுறையிலேயே "இன்றைய மட்டம்" என்ற ஒற்றைச் சொல் மரம் கூட்டத்தையே பிடித்துக்கொள்ளும். பெரும்பாலான நாட்களில் மட்டம் ஓரிரு அடிதான் மாறும் என்பதால் அதற்கு நல்ல மதிப்பெண். பிறகு ஒன்றும் நகராது. கேள்வியை "எத்தனை அடி கூடும், குறையும்?" என்று மாற்றுங்கள். கேள்வி சரியானதும் தேடல் நகரத் தொடங்கும்.

அடுத்த தொல்லைகள் வரிசையாக வரும். பூஜ்யத்தால் வகுக்கும் மரங்கள்: வகுத்தலைச் சுற்றிக் காப்பு போட்டு, பூஜ்யமானால் 1 திருப்பச் சொல்லுங்கள். முடிவில்லாமல் சுற்றும் மரங்கள்: எது முடியும் எது முடியாது என்று முன்கூட்டிச் சொல்லும் பொது வழி இல்லை என்பதை 1936இலேயே டியூரிங் நிறுவிவிட்டார், ஆகவே கட்டளை எண்ணிக்கைக்கு உச்சவரம்பு போட்டு வெட்டுங்கள். ஊதிப்போதல்: தலைமுறை ஏற ஏற மரங்கள் பயனற்ற கிளைகளால் பெருக்கும், ஏனென்றால் சும்மா கிடக்கும் கிளையில் வெட்டு விழுந்தால் உயிருக்கு ஆபத்தில்லை. மதிப்பெண் சமமானால் சிறியதற்கே முன்னுரிமை என்று வையுங்கள். கடைசியாக, ஐப்பசி–கார்த்திகை மழை நாட்களை மட்டும் கொடுத்து வளர்த்த சூத்திரம் ஆனி–ஆடிச் சாரலில் உளறும். இரண்டு பருவத்தையும் கலந்து கொடுத்து, ஒரு பகுதியைக் காட்டாமல் ஒளித்துவைத்துச் சோதியுங்கள்.

நீண்ட ஓட்டமானால் பத்துத் தலைமுறைக்கு ஒருமுறை கூட்டத்தையும் குருட்டெண் விதையையும் (ரேண்டம் சீட்) வட்டில் சேமியுங்கள். மின்தடை சொல்லிக்கொண்டு வராது.

கூட்டம் முழுக்கச் சீக்கிரமே ஒரே மாதிரி ஆகிவிடுகிறது. என்ன செய்ய?

செங்கோட்டைக் கணவாயைப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் அந்த இடைவெளி இருப்பதால் தெற்கே அகத்தியமலைப் பக்கத்து உயிரினங்கள் பலவும் வடக்கே உள்ளவற்றிலிருந்து பிரிந்து தனி வழியில் போயின. நிரலிலும் அதையே செய்யலாம்: 500 பேரை ஒரே கூட்டமாக வைக்காமல் 100 வீதம் ஐந்து தீவாக்குங்கள். 20 தலைமுறைக்கு ஒருமுறை ஒவ்வொரு தீவிலிருந்தும் இரண்டு பேரை அடுத்த தீவுக்கு அனுப்புங்கள். அடிக்கடி அனுப்பினால் கணவாய் மூடிப்போய்ப் பழையபடி ஒரே கூட்டம்தான்.

பரிணாமம் என் நிரலில் உள்ள பிழையைத் திருத்துமா?

திருத்தும், சோதனையைத் திருத்துவதையும் சேர்த்து. ஜென்புரோக் என்ற கருவி 2012இல் 105 பிழைகளில் 55ஐ, ஒவ்வொன்றுக்கும் சுமார் 8 டாலர் கணினிச் செலவில் சரிசெய்ததாக அறிவிக்கப்பட்டது. 2015இல் வேறொரு குழு அந்தத் திருத்தங்களைப் பிரித்துப் பார்த்தது. பெரும்பாலானவை தொல்லை தந்த பகுதியை வெட்டி எறிந்ததற்குச் சமம் என்று தெரிந்தது. வரிசைப்படுத்தும் நிரல் ஒன்றைச் சரிசெய்ய விட்டபோது அது காலிப் பட்டியலைத் திருப்பித் தந்தது. காலிப் பட்டியலில் வரிசை தப்பிய எண் எதுவும் இல்லை. சோதனையும் அதைத்தான் கேட்டிருந்தது. இன்னொன்று, சரியான விடை இருந்த கோப்பையே அழித்துவிட்டது.

எனவே சோதனை எழுதும்போது, படிக்காமல் தேற நினைக்கும் கெட்டிக்கார மாணவன் எதிரே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போன எண்கள் எல்லாம் வெளியே வந்தனவா என்றும் கேளுங்கள். ஓட்டத்தைக் கோப்புகளைத் தொட முடியாத தனிப் பெட்டகத்தில் நடத்துங்கள்.

வன்பொருளிலும் இப்படி நடந்ததுண்டா?

ஏட்ரியன் தாம்ப்சன், சசெக்ஸ் பல்கலைக்கழகம், 1996. வயரிங்கை மாற்றியமைக்கக்கூடிய சில்லின் ஒரு மூலையில் 10×10 கட்டங்கள். 1 கிலோஹெர்ட்ஸ், 10 கிலோஹெர்ட்ஸ் ஒலிகளைப் பிரித்தறிய வேண்டும். கடிகாரத் துடிப்பு கிடையாது. 50 சுற்றமைப்புகள் கொண்ட கூட்டம், சில ஆயிரம் தலைமுறை கழித்துச் சாதித்தது. சுற்றோடு இணையாத சில கட்டங்களைத் துண்டித்தாலும் வேலை கெட்டது. அந்தச் சில்லின் இயற்பியல் குணங்களையே அது பயன்படுத்திக்கொண்டிருந்தது. ஆனால் அது வளர்ந்த சுமார் 10 டிகிரி வெப்ப எல்லைக்குள்தான் ஒழுங்காக ஓடும். குளிரூட்டிய அறையில் வளர்த்துவிட்டுச் சித்திரை வெயிலில் பாளையங்கோட்டை மைதானத்தில் வைத்தால் கதை முடிந்தது.

கணினி வைரஸ் பரிணமிக்கிறதா?

தானாக இல்லை. உருமாறும் வைரஸ்கள் தோற்றத்தை மாற்றுவது, அப்படி மாறும்படி ஒருவர் எழுதியதால். புதிய திறன் அதனால் பிறப்பதில்லை.

இப்போது ஏஐ வந்துவிட்டது. இன்னும் குருட்டு மாற்றம் எதற்கு?

நல்ல கேள்வி. கூகுள் டீப்மைண்டின் ஆல்ஃபாஎவால்வ் 2025இல் இதைத்தான் செய்தது: மாற்றத்தை ஏஐ மொழி மாதிரி (லாங்வேஜ் மாடல்) முன்மொழியும், சோதனை மதிப்பெண் போடும், நல்லவை அடுத்த தலைமுறைக்குப் போகும். கலப்பெண்கள் கொண்ட 4×4 அணிகள் இரண்டைப் பெருக்க 48 பெருக்கல் போதும் என்று அது கண்டது. ஸ்ட்ராசனின் 1969 முறையை அடுக்கினால் 49 வேண்டும். எழுத்துக் குப்பையைக் கிண்டாமல், பொருளுள்ள வரிகளை மாற்றுவதால் செத்துப் பிறக்கும் பிள்ளைகள் குறைவு. ஆனால் இயற்கையில் திடீர் மாற்றத்துக்கு முன்யோசனை கிடையாது. இதில் உண்டு. ஆக, உயிரியலிலிருந்து இது ஓரடி விலகியே நிற்கிறது.

அப்படியானால் எங்கேதான் உயிரைவிடக் குறைகிறது?

நின்றுபோகிறது. டியெர்ராவில் ஒட்டுண்ணிக் கலவரம் அடங்கியபின் நிரல்கள் சுருங்கி, மெருகேறி, அதோடு சரி. அவிடாவில் பரிசுப் பட்டியல் தீர்ந்தால் புதியது வரும் வேகம் விழும். பூமியில் 350 கோடி ஆண்டுக்கு மேலாக நிற்கவில்லை. அங்கே ஒரு மரம் முளைத்தால் அது நிழல், அதில் ஒரு பறவை, பறவைக்கு ஒரு பேன் என்று ஒவ்வொரு உயிரும் அடுத்ததற்குச் சூழலாகிறது. கூந்தன்குளத்துக்குள் நாரைகள் வந்து குவிந்தால் அவற்றின் எச்சமே குளத்தை மாற்றுகிறது. நிரல்களின் உலகில் சூழலை நாம் கட்டிக் கொடுக்கிறோம், அவை அதற்குள் ஓடுகின்றன. லென்ஸ்கி 1988இல் தொடங்கிய எ.கோலை பாக்டீரியா சோதனையில் சுமார் 31,500 தலைமுறை கழித்துத்தான் ஒரு குடுவைக் கூட்டம் காற்றுள்ள சூழலில் சிட்ரேட்டைத் தின்னக் கற்றது. அந்தச் சிட்ரேட்டை அங்கே உணவாக யாரும் வைக்கவில்லை. நம் நிரல் உலகங்களில் அப்படிக் கேட்பாரற்றுக் கிடக்கும் பொருட்கள் மிகக் குறைவு. சோதிக்க விரும்பினால் அவிடாவை இறக்கி, 60×60 உலகத்தில், பரிசுப் பட்டியலில் சேர்க்காத வளம் ஒன்றைக் கலந்துவிட்டுத் தொடங்குங்கள்.